ஏழு காட்டு வடிவ பிஸ்கட் கட்டர்கள்: வன்னியில் எது உதவும், எது உதவாது

கேக் சாமான் கடைகளில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிற பெட்டி இது. ஊசியிலை மரம், கூடாரம், கரடி, இரட்டைச் சிகர மலை, தீச்சுவாலை, மேப்பிள் இலை, கொம்புள்ள மான் என்று உள்ளே ஏழு கட்டர்கள். குளிர்நாட்டுக் காட்டை நினைத்துச் செய்தவை என்பது பார்த்தவுடனே தெரியும். பிறந்தநாளுக்குக் 'காட்டு பிஸ்கட்' கேட்கும் வன்னிப் பிள்ளை எதிர்பார்ப்பது பாலையும் வீரையும் நிற்கிற காட்டை. அதற்கு இந்தப் பெட்டி உதவுமா என்றால், ஆறு கட்டர்கள் உதவும். ஒன்று டிசம்பருக்கு மட்டும்.

முதலில் தகட்டைப் பார்ப்போம். வெட்டும் விளிம்பு கூர்மையாக இருக்கிறது, நல்லது. தகடு மெல்லியது. மானைக் கையால் அழுத்தி எடுத்தால் கால்கள் உள்ளே வளைகின்றன. இரண்டு முனையும் சேரும் பொருத்தில் ஈரம் நின்றால் பழுப்புக் கறை பிடிக்கும். கழுவித் துடைத்து, பிஸ்கட் இறக்கிய அவணின் மிச்சச் சூட்டில் 5 நிமிடம் வைத்து எடுத்தால் கறை வராது.

கட்டர் எவ்வளவு கூராக இருந்தாலும் மாக்கலவை பரவினால் கரடி, உருளைக்கிழங்கு ஆகிவிடும். பரவாத கலவைக்கு: பட்டர் 225 கிராம், சீனி 200 கிராம், முட்டை 1, கோதுமை மா 400 கிராம், வனிலா 1 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. பேக்கிங் பவுடர் வேண்டாம், அது விளிம்பை உப்ப வைக்கும். பட்டரையும் சீனியையும் கேக்குக்கு அடிப்பது போல வெளுக்கும் வரை அடிக்கவும் கூடாது. உள்ளே போகிற காற்று அவணில் பிஸ்கட்டை அகலப்படுத்தும். பாணுக்குப் பூசும் மென்மையான மாஜரினில் தண்ணீர் கூடுதல், அதுவும் பரவும். இரண்டு ஒயில் பேப்பருக்கு நடுவே 6 மில்லிமீற்றர் தடிப்பில் உருட்டி, தட்டோடு பிரிஜ்ஜில் வைத்து இறுகிய பிறகே வெட்டுங்கள். வெட்டியதை இன்னும் 20 நிமிடம் குளிரவிட்டு, 175 பாகை செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம். வைகாசி, ஆனி வெயிலில் மத்தியான வேளையில் இந்த வேலை சரிவராது. மேசையிலேயே பட்டர் உருகி, மானின் கொம்பு கட்டருக்குள் ஒட்டிக்கொள்ளும். விடியற்காலையில் உருட்டி வெட்டுவதே சுகம்.

மேலே பூசும் ரோயல் ஐசிங்குக்கு 450 கிராம் ஐசிங் சீனி, 3 மேசைக்கரண்டி மெரிங் பவுடர் (உலர்த்திய முட்டை வெள்ளைக்கருத் தூள்), 75 முதல் 90 மில்லிலீற்றர் வெதுவெதுப்பான தண்ணீர். மாரி காலத்தில் ஐசிங் சீனி பைக்குள்ளேயே கட்டிபடும், ஆகவே மெல்லிய அரிதட்டில் இருமுறை அரியுங்கள். ஒரு சிறு கட்டி போதும், ஐசிங் பையின் நுனியில் பொருத்தும் நொசில் அடைத்து, கோடு நடுவில் அறுந்துவிடும். மெரிங் பவுடர் கிடைக்காவிட்டால் 2 முட்டையின் வெள்ளைக்கருவும் 1 தேக்கரண்டி தேசிப்புளியும் போதும். ஆனால் அது வேகாத முட்டை. சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடப்போகிற பிஸ்கட்டுக்குப் பவுடர்தான் சரி, விலை கூடினாலும். கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இரண்டுமே எழும்பாது, தேசிக்காய்த் தோலால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். குறைந்த வேகத்தில் 7 முதல் 10 நிமிடம் அடிக்க, பளபளப்புப் போய் நுனி நிற்கும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேலே அடித்தால் காற்று ஏறி, காய்ந்த பிறகு கடற்பஞ்சு போலத் துளை துளையாகிப் பொடியும்.

ஒரே ஐசிங்கிலிருந்து இரண்டு பதம் எடுக்கவேண்டும். கோடு போட, கரண்டியைத் தூக்கினால் நுனி மெதுவாக வளைகிற பதம். நிரப்ப, கத்தியால் கீறிய கோடு 10 முதல் 12 எண்ணுவதற்குள் மறைகிற பதம். தண்ணீரை அரைத் தேக்கரண்டிக்கு மேல் ஒரே தரத்தில் விடாதீர்கள். 8 எண்ணுவதற்குள் மறைந்தால் அது விளிம்பைத் தாண்டி வழியும், காயவும் பிந்தும்.

இனி வடிவங்கள். கரடியில் நேரத்தைச் செலவழியுங்கள், இந்தப் பெட்டியில் வன்னிக்கு மிகவும் சொந்தமானது அதுதான். வன்னிக் காடுகளில் உலவுவது தேன்கரடி: கறுத்த நீள மயிர், வெளிறிய மூஞ்சி, மார்பில் வெள்ளை வளைவு. மண்ணிறக் கரடி பூசி, பொம்மை போல முடித்துவிடாதீர்கள். கறுப்பைக் கொண்டுவரத்தான் பொறுமை வேண்டும். முதலில் ஐசிங்கைக் கடும் மண்ணிறமாக்கி, பிறகு கறுப்பு ஜெல் கலர் சேர்த்து, சாம்பல் நிறத்தில் இருக்கும்போதே மூடி வைத்துவிடுங்கள். விடியும்போது நிறம் கறுத்திருக்கும். அன்றைக்கே கறுப்பாகவேண்டும் என்று ஜெல்லைக் கொட்டினால் ஐசிங் இறுகாது, சாப்பிடுகிற பிள்ளையின் பல்லும் கறுக்கும். தண்ணீர்க் கலரைத் தொடவே வேண்டாம், அது பதத்தைக் கெடுக்கும்.

உடம்பை இளகிய கறுப்பால் நிரப்பி, மேல் தோல் இறுகியதும் 2ஆம் எண் நொசிலால் மயிர் போடுங்கள். காலிலிருந்து தொடங்கி மேலே போகவேண்டும். ஒவ்வொரு கோடும் ஒரு சென்ரிமீற்றர். மேல் வரிசையின் நுனி கீழ் வரிசையின் வேரை மூடவேண்டும். நேர்த்தியாக, ஒரே அளவில் போட்டால் துடைப்பம் போல இருக்கும். கை கொஞ்சம் தடுமாறட்டும், அப்போதுதான் தேன்கரடியின் சடை வரும். மார்பின் வெள்ளை கடைசி வேலை, கறுப்பு 12 மணித்தியாலம் காய்ந்த பிறகு. முந்தினால் கறுப்பு வெள்ளைக்குள் ஊறி, ஊதாக் கறையாகப் படரும். அதை மறைக்க வழி கிடையாது.

இரட்டைச் சிகர மலையை என்ன செய்வது? வன்னி சமதரை. ஆனால் அந்த வடிவம் கறையான் புற்றுக்கு அப்படியே பொருந்துகிறது. மண்ணிற ஐசிங் ஈரமாக இருக்கும்போதே உடைந்த பிஸ்கட்டைத் தூளாக்கி மேலே தூவி, காய்ந்ததும் தட்டிவிடுங்கள். கரடிக்குப் பக்கத்தில் புற்றை வைத்தால் இரண்டும் ஒரு கதையாகிவிடும், தேன்கரடி கறையானைத்தானே தேடிப் போகிறது.

தீச்சுவாலையில் கார்த்திகைப்பூ இருக்கிறது. அந்தப் பூவின் இதழ்கள் மேல்நோக்கி மடிந்து, நெளிந்து, அடியில் மஞ்சளும் மேலே சிவப்புமாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கீழ்ப் பாதியில் மஞ்சள், மேலே சிவப்பு, இரண்டும் ஒரே பதம். சேருமிடத்தில் பல்லுக்குத்தும் குச்சியால் கீழிருந்து மேலே நாலைந்து தரம் இழுங்கள். இதை ஒரு நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும், அதுவரை மின்விசிறியை நிறுத்தி வையுங்கள். காற்றில் தோல் பிடித்துவிட்டால் குச்சி இழுக்கிற இடமெல்லாம் சுருங்கும். காய்ந்த பிறகு விளிம்பில் நெளிநெளியாக மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று போடலாம்.

கூடாரம் காவற்கொட்டில் ஆகும். கிடுகு வேய்வது போலவே கீழ் வரிசையிலிருந்து மேலே போகவேண்டும். மேப்பிள் இலை பப்பாசி இலையாகும்: வெளிர்பச்சை நிரப்பி, ஒரு மணித்தியாலம் கழித்து, காம்பிலிருந்து ஒவ்வொரு மடலுக்கும் மஞ்சள் கலந்த நரம்பு. மான் புள்ளிமான்தான். மண்ணிறம் ஈரமாக இருக்கும்போதே வெள்ளைப் புள்ளி வைத்தால் மட்டமாக அமரும். வெள்ளை தடித்திருந்தால் புள்ளிகள் அம்மைக் கொப்புளம் போலத் தூக்கி நிற்கும். கொம்பு ஐந்தில் ஒன்றாவது உடையும், கூட்டியே வெட்டி வையுங்கள். ஊசியிலை மரம் கிறிஸ்மஸுக்கு.

இந்தப் பெட்டியைப் பற்றி வருகிற முறைப்பாடுகளில் பாதி, உண்மையில் காய வைப்பதைப் பற்றியவை. ரோயல் ஐசிங் தண்ணீரை இழந்துதான் இறுகும். கோடையில், சோளகம் வீசுகிற நாட்களில் 8 மணித்தியாலத்தில் வேலை முடியும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை ஒரு முழு நாள் வைத்தாலும் நடுவில் நகம் பதியும். பிந்திக் காய்ந்தால் மினுக்கம் போகும், மானின் கால் போன்ற ஒடுங்கிய இடங்களில் குழி விழும், நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஊறும். ஒடுங்கிய இடத்தில் முதலில் தடித்த ஐசிங்கை நெளித்து வைத்து அதன்மேல் நிரப்புங்கள், குழி விழாது. நிரப்பியவுடன் மின்விசிறிக்கு நேரே வைத்தால் தோல் விரைவாகப் பிடித்து மினுக்கமும் நிற்கும். கரண்ட் போகும் என்று தெரிந்த நாளில் கறுப்பையும் சிவப்பையும் வெள்ளையோடு சேர்க்காதீர்கள். பிரிஜ்ஜுக்குள் மட்டும் வைக்கவேண்டாம். வெளியே எடுத்ததும் வியர்த்து, நிறம் வழியும்.

பஸ்ஸில் அனுப்புவதானால் நன்றாகக் காய்ந்தவற்றைத் தனித்தனிப் பையில் போட்டு ஒட்டி, இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்து நிமிர்த்தி அடுக்குங்கள். படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் ஏ9 வீதியில் கொம்பும் மயிரும் தப்பாது.

பெட்டியின் பெரிய குறை பனை இல்லாததுதான். தடித்த பிளாஸ்ரிக் தாளில் நெட்டை மரமும் வட்டத் தலையும் வரைந்து வெட்டி, மாவின் மேல் வைத்துக் கூர்க்கத்தியை நிமிர்த்திப் பிடித்து ஓட்டினால் பனை கிடைக்கும். மரத்தின் அகலம் 2 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் பாருங்கள், குறைந்தால் தலையின் பாரம் தாங்காமல் கழுத்தில் முறியும்.