வரப்போரக் காட்டுப்பூ விதைக் கலவை: சரக்கு நல்லது, குறிப்பு பழசு

தேனீயும் வண்டும் வர வரப்போரம் விதைக்க, தருமபுரி விதைக்கடை ஒன்றில் கிடைக்கும் 100 கிராம் காட்டுப்பூ விதைப் பொட்டலத்தை வாங்கலாமா என்றால், வாங்கலாம். பின்பக்கம் அச்சடித்திருக்கும் முறைப்படி மட்டும் விதைக்காதீர்கள். மழை சொன்ன மாதத்தில் வந்த காலத்துக்கு எழுதிய முறை அது.

உள்ளே ஆவாரை, கொழுஞ்சி, துத்தி, சங்குப்பூ, தும்பை. நம் செம்மண் மேட்டுக்கு ஏற்ற தேர்வு. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான். அதுவும் மகரந்தப்பையின் நுனித் துளை வழியே, உடலை அதிரவைத்து உதிர்க்கத் தெரிந்த கருவண்டுக்குத்தான் நன்றாகக் கிடைக்கும். தேனுக்குத் தும்பை வேண்டும். இரண்டையும் சேர்த்தவர் விவரம் தெரிந்தவர். (பொங்கல் காப்புக்கட்டுக்கு ஆவாரையோடு சேரும் சிறுபீளையை ஏனோ விட்டுவிட்டார்கள்.) உறுத்துவது, நிறத்துக்காகக் கலந்திருக்கும் மஞ்சள் காஸ்மாஸ். மெக்சிகோ செடி, முந்திக்கொண்டு முளைத்துத் தும்பையை அமுக்கிவிடும். விதை ஊசிபோல் நீளமாக இருக்கும், முறத்தில் கொட்டிப் பொறுக்கி எறியுங்கள்.

குறிப்பு சொல்வது: எல்லா விதையையும் வெந்நீரில் போட்டு, முதல் மழைக்கு மொத்தமாகத் தூவுக. கோளாறு இங்கேதான். தும்பை தவிர மற்ற நான்குக்கும் தோல் கடினம், நீர் எளிதில் புகாது. காட்டில் சில விதை இந்த ஆண்டு முளைக்கும், சில அடுத்த ஆண்டு, சில அதற்கும் பிறகு. மழை ஏமாற்றும் ஊரில் அந்தச் செடிகளின் இருப்பே இந்தச் சேமிப்பில்தான். வெந்நீர் விட்டால் பெரும்பகுதி ஒரே நேரத்தில் கிளம்பிவிடும். மே மாதக் கோடைமழையை நம்பி விதைத்து, அடுத்த மூன்று வாரம் வெயில் காய்ந்தால், வேர் ஆழம் போகாத நாற்று அத்தனையும் கருகும். வெயில் ஏறுவதைவிட, மழைக்கும் மழைக்கும் நடுவில் விழும் இந்த இடைவெளிதான் முளைக்கு எமன். பெய்யும்போதோ கொட்டித் தீர்க்கிறது: 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. அப்படிப் பெய்தால் சரிவில் தூவிய விதை ஏரியில்தான் கிடக்கும்.

அதனால் பாதிக்கு மட்டும் வெந்நீர். முதலில் சலித்துத் தும்பையைப் பிரித்துவிடுங்கள். மீதியில் பூச்சி துளைத்த விதையைக் கழியுங்கள். ஆவாரையில் இது அதிகம். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சற்று ஆறி 80 டிகிரி வந்ததும் பாதி விதையைப் போட்டு 5 நிமிடம் வையுங்கள். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் கரு வெந்துபோகும். பிறகு குளிர்ந்த நீரில் 12 மணி நேரம். ஊறி உப்பியதை அன்றே விதைக்க வேண்டும், காயவிட்டால் வீண். இந்தப் பாதிக்கு செப்டம்பர் சரியான மாதம். செப்டம்பர், அக்டோபரில்தான் இங்கே மழை கூடுதல். வெந்நீர் காணாத பாதியை ஜூனிலேயே மண்ணில் போட்டுவிடலாம், அது தன் நேரம் பார்த்து முளைக்கும்.

அரை மீட்டர் அகல வரப்பில் 100 மீட்டர் நீளத்துக்கு ஒரு பொட்டலம் போதும். ஐந்து பங்கு மணல் கலந்து, வரப்பின் மேல்தளத்தில் கோடு கீறி, 1 செ.மீ. ஆழத்தில் போட்டு மூடுங்கள். தும்பையை மேலாகத் தூவிக் காலால் மிதித்தால் போதும். சங்குப்பூவை ஆடு விடாது, முள் வைத்து அடையுங்கள்.

தும்பை முதல் ஆண்டே பூத்துவிடும், ஆவாரைக்குப் பொறுக்க வேண்டும். வறட்சியில் பூ இருந்தாலும் தேன் குறையும். வண்டு வரவில்லை என்று விதையைப் பழிக்காதீர்கள்.

பெரிய குறை ஒன்று பாக்கி: விதை எந்த ஊரில், எந்த மாதம் சேகரித்தது என்று பொட்டலத்தில் இல்லை. பென்னாகரம் மேட்டில் எடுத்த ஆவாரையும் கடலோரத்தில் எடுத்த ஆவாரையும் வறட்சியை ஒரேமாதிரி தாங்கும் என்று சொல்ல முடியாது. கடைக்காரரிடம் கேளுங்கள், பதில் இல்லையென்றால் ஒரு பொட்டலத்தோடு நிறுத்திக்கொண்டு, மீதி விதையைப் பக்கத்துப் புறம்போக்கில் காய் முற்றும்போது நீங்களே பறித்துக்கொள்ளலாம்.