ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே பன்னிரண்டைப் பாருங்கள்: கடலோரத்தில் அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா?

ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது என்ற பேச்சு ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று எல்லா ஊரிலும் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகிறது. "இங்கிலீஷ் நல்லா வருமா, வேன் வாசலுக்கு வருமா" என்பதுதான் முதல் கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் நாளில் கைகொடுப்பதும் கைவிடுவதும் வேறு விஷயங்கள். அவற்றில் பல, ஆறாம் வகுப்புச் சேர்க்கை நாளிலேயே முடிவாகிவிடுகின்றன.

அந்த ஏழு ஆண்டுகள்

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. நிபந்தனை ஒன்றுதான்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அத்தனை வகுப்பும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பை மட்டும் தனியாரில் படித்துவிட்டு ஏழில் அரசுப் பள்ளிக்கு வந்தாலும் உரிமை போயிற்று. "எட்டு வரைக்கும் மெட்ரிக்ல போட்டு இங்கிலீஷ் பிடிக்க வச்சுட்டு, ஒன்பதுல கவர்மெண்ட்டுக்கு மாத்திக்கலாம்" என்று கணக்குப் போடும் பெற்றோர் இந்தக் கரையில் நிறையப் பேர். அப்படி மாற்றினால் தனியார் கட்டணமும் செலவாகியிருக்கும், ஒதுக்கீடும் கிடைக்காது. இரண்டு பக்கமும் நட்டம் தரும் வழி அது ஒன்றுதான்.

இதற்கு ஒரே விலக்கு, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள்.

7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. நம் கரைக்கு இதைவிட நெருக்கமானது மீன்வளப் படிப்பு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் இருக்கிறது. கடலை அறிந்து வளர்ந்த பிள்ளைக்குப் பொருத்தமான பட்டம், அதற்குப் பிளஸ் டூவில் உயிரியல் வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இதோடு கல்லூரியில் படிக்கும் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் (2022) தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) இருக்கின்றன. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 36,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். தொகை சிறிதாகத் தோன்றலாம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் தினமும் கல்லூரிக்குப் போய்வரும் பெண்ணுக்கு, படிப்பை நிறுத்தாமல் இருக்க அது போதும்.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் மட்டுமே எழுதலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தேர்வான பிள்ளையை "நல்லா படிக்கிறானே" என்று பத்துக்குப் பிறகு தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உதவித்தொகை அத்தோடு நின்றுவிடும்.

நடுவில் ஒரு வகை

அரசு உதவி பெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்றே நினைத்துச் சேர்ப்பவர்கள் உண்டு. அப்துல் கலாம் படித்த ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளி இந்த வகைதான். மாவட்டத்தில் பழைய, பெயர்பெற்ற பள்ளிகள் சில இதில் வரும். ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, பாடநூல் இலவசம், பதினொன்றில் மிதிவண்டி உண்டு, கட்டணம் குறைவு. ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீடு இங்கே இல்லை. மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்களும் இங்கே தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மட்டுமே. அரசுப் பள்ளியிலோ தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டுக்கும் உண்டு. ஆகவே சேர்ப்பதற்கு முன் அலுவலகத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா, இந்த செக்‌ஷன் உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" ஒரே வளாகத்தில், ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இரண்டு பிரிவும் நடப்பதுண்டு.

கட்டண நாளும் கடல் நாளும்

தனியார் பள்ளியின் கட்டண அட்டவணை மாதச் சம்பளக்காரர்களுக்காக எழுதப்பட்டது. ஜூன் முதல் வாரத்தில் முதல் தவணை, அக்டோபரில் இரண்டாவது, ஜனவரியில் மூன்றாவது. கடலோர வீட்டின் வரவு வேறு மாதிரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நிவாரணம் 8,000 ரூபாய். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது, வலை கட்டுவது எல்லாம் அதே இரண்டு மாதத்தில்தான். கைச்செலவுக்கே வட்டிக்கு வாங்கும் வேளையில் பள்ளி திறக்கிறது. தடை முடிந்து முதல் சில வாரத்தில் இறால் பட்டால் கையில் காசு புரளும், ஆனால் கட்டண நாள் அதற்குள் தாண்டிவிடும்.

நாட்டுப்படகு, வள்ளத்துக்குத் தடை இல்லை. அவர்களுக்குக் காற்றுதான் கணக்கு. தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று ஆனி, ஆடியில் தொழிலைக் கெடுக்கும். வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் வாடைக் காற்று ஐப்பசியிலிருந்து கெடுக்கும். அதாவது ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் முதல் தவணை இடிக்கும், தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் இரண்டாம் தவணை இடிக்கும். வளைகுடா நாட்டிலிருந்து மாதாமாதம் பணம் வரும் வீட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அந்த வீட்டைப் பார்த்து இந்த வீடும் அதே பள்ளியில் சேர்த்தால், பிள்ளை கட்டணப் பாக்கிக்காக வகுப்பு முன் எழுந்து நிற்க வேண்டிவரும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த அவமானம் ஆறாது.

தனியார்தான் என்று முடிவெடுத்தால், சேர்க்கையின்போதே தவணை நாளை ஜூலை இறுதிக்கு மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கடலோரப் பள்ளிகள் பலவற்றில் வாய்வார்த்தையாக ஒப்புக்கொள்வார்கள். கணக்காளர் மாறினால் வாய்வார்த்தை செல்லாது. அடுத்தது, தனியார் பள்ளி ஒவ்வொன்றுக்கும் கட்டண நிர்ணயக் குழு மூன்றாண்டுக்கு ஒருமுறை வகுப்புவாரியாகத் தொகை நிர்ணயிக்கிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் அது, சிபிஎஸ்இ பள்ளிக்கும் பொருந்தும். அந்த ஆணையின் நகலைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, ரசீதில் உள்ள தொகையோடு ஒப்பிடுங்கள். வேன், சீருடை, ஷூ, நோட்டு, மாலை வகுப்பு ஆகியவை தனியே வரும். இந்த ஆண்டுத் தொகையை மட்டும் பார்க்காமல் ஏழால் பெருக்குங்கள், இடையில் இரண்டு முறை உயரும் என்பதையும் சேருங்கள். ஒன்பதாம் வகுப்பில் பணம் முட்டி நின்று பள்ளி மாற்றுவதுதான் இங்கே அடிக்கடி நடப்பது. ஆறிலேயே இழந்த ஒதுக்கீட்டு உரிமையும் அப்போது திரும்பக் கிடைக்காது.

ஆசிரியர் இருக்கிறாரா

அரசுப் பள்ளியின் பெரிய குறை கட்டடமோ கழிப்பறையோ அல்ல, காலிப்பணியிடம். வெளி மாவட்டத்திலிருந்து இங்கே பணி கிடைத்து வரும் ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார். இயற்பியல், கணித முதுகலை ஆசிரியர் இடம் அப்படிக் காலியானால் நிரம்பும்வரை தொகுப்பூதியத்தில் ஒருவரைப் போடுவார்கள். அவர் வந்து சேர ஆகஸ்ட் ஆகிவிட்டால் பிளஸ் டூ பிள்ளைக்கு இரண்டு மாதப் பாடம் போயிற்று. ஆகவே சேர்க்கும் முன் தலைமை ஆசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள்: "பதினொன்று, பன்னிரண்டுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நாலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்காங்களா சார்? இந்தக் கலந்தாய்வுல யாராவது போறாங்களா?" கேட்டால் சொல்வார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் ஒரு பெற்றோர்தான், அவரிடமும் கேட்கலாம். காலியிடத்தை நிரப்பச் சொல்லிக் குழுவில் தீர்மானம் போட்டு முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்ப வழி இருக்கிறது. பெற்றோர் கூட்டமாகப் போய் நின்ற பள்ளிக்கு ஆள் சீக்கிரம் வருகிறார்.

தனியாரில் காலியிடம் என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது, யாராவது வகுப்பில் நிற்பார்கள். அங்கே கேட்க வேண்டியது வேறு: "போன வருசம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர் இந்த வருசமும் இருக்காரா?" குறைந்த சம்பளம் காரணமாக ஆண்டுக்கு ஒருவர் மாறும் பள்ளியும் உண்டு. அரசுப் பள்ளியில் தேர்வெழுதி வந்த தகுதியான ஆசிரியர், ஆனால் இருப்பாரா என்பது சந்தேகம். தனியாரில் ஆள் இருப்பார், தகுதி பள்ளிக்குப் பள்ளி மாறும்.

நூறு சதவீதத் தேர்ச்சி என்ற பதாகையை நம்பலாமா என்று பார்க்க ஒரு கணக்கு போதும். ஒன்பதில் எத்தனை பேர், அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வெழுதியவர் எத்தனை பேர்? ஒன்பதில் எண்பது, பத்தில் அறுபத்தைந்து என்றால், விடுபட்ட பதினைந்து பேரில் பலர் அரசுப் பள்ளியில் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவர்களை ஏற்றுக்கொண்ட அரசுப் பள்ளியின் சதவீதம் அதனாலேயே குறைந்திருக்கும்.

ஆய்வகத்தில் ஐந்து நிமிடம்

எந்தப் பள்ளியானாலும் வேதியியல் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். உப்புக்காற்று இங்கே இரும்பைச் சும்மா விடாது. தாங்கிகளின் திருகு துருப்பிடித்து இறுகியிருந்தால் அவற்றை யாரும் தொட்டு நாளாயிற்று. பியூரெட்டின் அடைப்பான் சுலபமாகத் திரும்புகிறதா பாருங்கள். கழுவுதொட்டியில் பெர்மாங்கனேட்டின் பழுப்புக் கறை, மேசையில் அமிலம் பட்ட வட்டங்கள் இருந்தால் அங்கே பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். பளபளவென்று புதிதாக, பூட்டின் சாவியைத் தேடி எடுத்துத் திறக்கும் ஆய்வகம் பார்வையாளருக்கானது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை மதிப்பெண் எப்படியும் கிடைத்துவிடும் என்று விட்டுவிட்டால் கல்லூரியின் முதல் பருவத்தில் பிள்ளை திணறும்.

அதே நடையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். தேதி இருக்கிறதா, சிவப்பு மை சரி போட்டு மட்டும் போயிருக்கிறதா, தவறான படியைச் சுழித்துக் காட்டியிருக்கிறதா? கட்டடத்தையும் பதாகையையும்விட அந்த நோட்டு உண்மை பேசும்.

பதினொன்றாம் வகுப்பு எங்கே போகிறது

பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு 2017-18இல் வந்தது, பல தனியார் பள்ளிகள் பதினொன்றின் பாடத்தை விட்டுவிட்டு நேராகப் பன்னிரண்டை இரண்டாண்டு உருப்போட வைத்ததுதான் அதற்குக் காரணம். 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு இல்லை. பழைய வழக்கம் திரும்ப வாய்ப்பு இருப்பதால் இதை இப்போது கேட்டே ஆக வேண்டும். நீட், ஜேஇஇ கேள்விகளில் ஏறக்குறைய பாதி பதினொன்றின் பாடத்திலிருந்து வருகிறது. அதைத் தொடாத பள்ளி 600க்கு 570 வாங்கித் தந்தாலும் நுழைவுத் தேர்வில் பிள்ளை பாதித் தாளுக்கு வெறுங்கையோடு உட்காரும்.

பதினொன்றில் எந்தப் பிரிவு உண்டு என்பதும் இங்கே முக்கியம். சிறிய ஊர்ப் பள்ளி பத்தோடு முடியும், அல்லது பன்னிரண்டு இருந்தும் வணிகவியல் மட்டும் இருக்கும். உயிரியல் வேண்டுமென்றால் அடுத்த ஊர். பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பத்து வரை உள்ள பள்ளியில் சேர்த்தால், அடுத்து எந்தப் பள்ளி, எத்தனை மணிக்குப் பேருந்து என்பதை இன்றே பார்த்து வையுங்கள். ராமநாதபுரத்தில் அரசு விடுதியில் தங்கிப் படிக்கும் வழியும் உண்டு. 'சமூகநீதி விடுதி' என்று இப்போது பெயர் மாறியிருக்கிறது.

ஆங்கிலத்தைப் பற்றி இரண்டு வரி. தனியாரில் பேச்சுப் பழக்கம் கூடுதல், மறுக்க முடியாது. ஆனால் ஒன்று முதல் தமிழ்வழியில் படித்தவருக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு, ஆங்கிலவழிக்கு மாறிய ஆண்டிலேயே அது போய்விடும்.

எங்கள் கணிப்பில், நாலு பாடத்துக்கும் நிரந்தர ஆசிரியர் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளி பேருந்துத் தொலைவில் இருந்தால், கடலை நம்பிய குடும்பம் வேறெங்கும் தேட வேண்டாம். ஆசிரியர் இல்லாமல் இரண்டாண்டாகத் தவிக்கும் பள்ளிதான் அருகில் என்றால், முதலில் உதவி பெறும் பள்ளி, பிறகு தனியார். மாத வருமானம் நிலையாக உள்ள வீட்டுக்கு, ஆசிரியர் மாறாத தனியார் பள்ளி நல்ல தேர்வே.

இடையில் மாற்ற நேர்ந்தால், எட்டு வரை மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று சொல்லி எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. கட்டணப் பாக்கியைக் காட்டிச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல் சொல்லியிருக்கிறது. கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் பிள்ளைக்குத் தந்திருக்கும் எண்ணைக் குறித்து வையுங்கள். பழைய பள்ளி எமிஸில் விடுவித்தால்தான் புதிய பள்ளியில் பெயர் ஏறும். 25 சதவீத இடத்தில் எட்டு முடித்த பிள்ளையானால், அந்த ஒதுக்கீட்டில்தான் படித்தார் என்று பள்ளி முத்திரையோடு ஒரு சான்று அப்போதே வாங்கி, சாதிச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வு நாளில் கேட்கும்போது அந்தப் பள்ளிக்குத் திரும்பிப் போய் வாங்க நேரம் இருக்காது.