வம்சமரத் தளத்தில் ஆறு வருடம்: பெத்தப்பாவும் அண்ணனும் ஒரே ஆளான கதை

சந்தா பாதி விலைக்கு வருகிறதாம், சேரலாமா என்று கல்முனை மச்சாள் கேட்டிருந்தாள். வாயால் சொன்னால் கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று எழுதுகிறேன். எழுதும்போதும் கோபம் இருக்கத்தான் செய்கிறது.

ஆளுக்கொரு மரம் வளர்க்காமல் எல்லோரும் ஒரே மரத்தில் ஏற்றும் வகைத் தளம் இது. ஒரே ஆளை இரண்டு பேர் ஏற்றியிருந்தால், 'இவர்கள் ஒருவர்தானா?' என்று கேட்கும். ஓம் என்று அழுத்தினால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் பெயர் முறை அதற்குப் பிடிபடவில்லை.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் முன்னால், நம் பெயர் பின்னால். பெத்தப்பாவை (எங்கள் பக்கம் தாத்தா பெத்தப்பா, பாட்டி பெத்தா) வேலாயுதம் நடராசா என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் வேறு. தன் அப்பாவின் பெயரை மூத்த மகனுக்கு வைத்தார்: நடராசா வேலாயுதம். அந்தப் பெரியப்பாவும் தன் அப்பாவின் பெயரைத் தன் மகனுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, வைத்தார். எழுதிப் பாருங்கள், மறுபடியும் வேலாயுதம் நடராசா! பேரன் என்ற சொல்லே பெயரன்தானே.

போன வருடம் டொரன்டோவில் இருக்கும் சொந்தக்காரப் பொடியன் ஒருவன் அந்தக் கேள்விக்கு ஓம் அழுத்திவிட்டான். 1978இல் மட்டக்களப்பில் சூறாவளி அடித்த கையோடு கண்மூடிய பெத்தப்பாவும் சுவிஸில் இருக்கும் அண்ணனும் ஒரே ஆள். பெத்தாவும் அண்ணியும் அவருக்கு இரண்டு பெண்சாதிகள். பெரியப்பா அவருக்கு அப்பாவும் மகனும். கார்த்திகையில் அண்ணிக்கு நினைவுநாள் மின்னஞ்சல் வேறு போயிருக்கிறது. அண்ணன் இரவு பதினொரு மணிக்குப் போன் எடுத்தார்: "தம்பி, சூறாவளியோட செத்தது நானாடா?"

சேர்க்க ஒரு அழுத்தல், பிரிக்க மூன்று கிழமை. இடையில் வேறு ஆட்களும் கைவைத்துவிட்டதால் பழைய நிலைக்குத் திருப்ப முடியவில்லை. தளத்துத் தன்னார்வலர் ஒருவருக்கு எங்கள் பெயர் முறையை என் அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினேன். பெயரைப் பிழையாகப் பதிந்திருப்பீர்கள் என்று பதில் வந்தது! பிறகு நானே பிள்ளைகளை ஒவ்வொன்றாக இழுத்து உரிய அப்பாமாரிடம் விட்டேன். தாய்வழி வரும் குடிக்கு (எங்கள் பக்கத்துக் குலப்பிரிவு) அங்கே பெட்டியே இல்லை, பட்டப்பெயர்ப் பெட்டியில்தான் போட்டிருந்தேன். சேர்த்ததில் பெத்தாவின் குடி அழிந்தே போனது. கோயில் திருவிழாவில் எந்த நாள் பூசை யாருடையது என்பதே எங்கள் பக்கம் குடியை வைத்துத்தான்.

என்னிலும் பிழை உண்டு. பெத்தப்பா பிறந்த ஆண்டு சரியாகத் தெரியாது என்று வெறுமையாய் விட்டிருந்தேன். இந்தத் தளங்கள் மரங்களைப் பரிமாறப் பயன்படுத்தும் கெட்காம் கோப்பு முறையை மோர்மன் சபைக்காரர் 1984இல் கொண்டுவந்தார்கள். அதிலேயே 'சுமார்' என்று ஆண்டு போட இடம் இருக்கிறது. சுமார் 1905 என்று போட்டிருந்தால் அந்தப் பொடியனும் ஒருதரம் யோசித்திருப்பான்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கல்லடி வீட்டிலிருந்த படங்கள் எல்லாம் 2004 சுனாமியோடு போய்விட்டன. பெத்தாவின் தங்கை திருக்கோவிலில் கலியாணம் செய்து போனவர், பிறகு தொடர்பு விட்டுப்போனது. போன மாதம் இதே 'ஒருவர்தானா?' கேள்வி அந்தத் தங்கையின் பேத்தி ஏற்றிய மரத்தைக் காட்டியது. அதில் ஒரு ஸ்டூடியோ படம். இரண்டு பெட்டைகள், ஒருத்தி கதிரையில், மற்றவள் பக்கத்தில் நின்றபடி. நிற்பவளின் இடது புருவம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அது பெத்தாவின் புருவம். இருபது வயதுப் பெத்தாவை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை.

சரி, மச்சாள், சேராதே. காசு கொடுத்துத் தலையிடி வாங்காதே. பெரியவர்களிடம் கேட்டு ஒரு சிஆர் கொப்பியில் (தடித்த மட்டைக் கொப்பி) எழுதி வை, செத்தவர்களின் 31ஆம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலர்ப் புத்தகங்களைச் சேர்த்து வை, அது போதும்.

நான் முந்தாநாள்தான் இன்னும் ஒரு வருடத்துக்குச் சந்தா கட்டினேன். இப்போது புதிதாக ஒன்றைக் காட்டுகிறது: அக்கரைப்பற்றில் ஒரு நடராசா வேலாயுதம். இன்னும் அழுத்தவில்லை.