ஃபெல்லோஷிப்பா, சட்ட உதவியா, சீனியர் ஆபீஸா? நீலகிரி சட்டப் பட்டதாரிகளுக்கு ஓர் அலசல்

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து கீழே போய்ச் சட்டம் முடித்துத் திரும்பும் பிள்ளைகளில், மனித உரிமை வழக்குகளில் இறங்க நினைப்பவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். டெல்லியிலோ சென்னையிலோ ஓர் உரிமை அமைப்பில் ஃபெல்லோவாக (உதவித்தொகையோ சம்பளமோ வாங்கிக்கொண்டு குறிப்பிட்ட காலம் வேலை பழகுபவராக) சேர்வதா, ஊட்டியில் சட்ட உதவி வழக்கறிஞராக உட்காருவதா, இல்லை வழக்கம்போல ஒரு சீனியரிடம் ஜூனியராகப் போவதா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபெல்லோஷிப் நல்லதுதான், ஆனால் அது இரண்டாவதாக வரட்டும்.

ஃபெல்லோஷிப்பில் கிடைப்பது அகலம். உண்மை அறியும் குழுவோடு போகலாம். அரசின் செயலை எதிர்த்து உயர், உச்ச நீதிமன்றங்களில் போடும் ரிட் மனு எழுதப் பழகலாம். ஆணையங்களுக்குப் புகார் தயாரிக்கலாம். ஓர் ஊரின் பிரச்சினை எப்படி நாட்டின் சட்டமாகிறது என்று பார்க்கலாம். நம் கூடலூர் காடுகளைப் பற்றி 1995இல் கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கு, 1996 டிசம்பர் 12 உத்தரவோடு இந்தியா முழுவதற்குமான வன வழக்காகிப் போனது. அந்த மாதிரி வழக்குக் கட்டை உச்ச நீதிமன்றப் பக்கத்திலிருந்து படிக்கும் வாய்ப்பு கூடலூர் நீதிமன்றத்தில் கிடைக்காது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பார் கவுன்சில் விதி 49ன்படி, முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அந்தக் காலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. எனவே ஒப்பந்தத்தில் இருப்பது சம்பளமா, உதவித்தொகையா என்பதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்று: உரிமையியல் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20இல் உச்ச நீதிமன்றம் மறுபடி கட்டாயமாக்கிவிட்டது. நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக இருந்த காலம் அதில் கணக்காகும். ஓர் அமைப்பின் ஆபீஸில் அறிக்கை எழுதிய காலத்துக்கு அந்தச் சலுகை இல்லை. இன்று நீதிபதி ஆசை இல்லாதவர்களுக்கு மூன்று வருடம் கழித்து வரலாம்.

அடுத்தது எல்.ஏ.டி.சி. (Legal Aid Defense Counsel), அதாவது மேலே சொன்ன சட்ட உதவி வழக்கறிஞர் வேலை. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2022இல் கொண்டுவந்த திட்டம். வசதியில்லாத குற்றம்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாட மாவட்ட அளவில் முழுநேர வழக்கறிஞர்களை ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். உதவி வழக்கறிஞர் நிலைக்கு அனுபவம் பூஜ்யத்திலிருந்து மூன்று ஆண்டு வரை போதும். சொந்தமாக வேறு கேஸ் எடுக்கக் கூடாது. பேரே இல்லாத வேலை என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். பந்தலூர்ப் பக்கத்துப் பாடி (பழங்குடிக் குடியிருப்பு) ஒன்றிலிருந்து பணியர் பழங்குடிப் பையன் ஒருவனை ரிமாண்டுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயில் கிடைத்துவிடும்; ஆனால் இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், சொத்துக்குக் காகிதம் வேண்டும். பாடியில் யாரிடம் பட்டா இருக்கிறது? உத்தரவு கையில் இருந்தும் பையன் உள்ளேயே கிடப்பான். பெயில் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராதவர்களின் விவரத்தைச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் தாண்டினால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு போய் மாஜிஸ்திரேட் முன்னால் நிற்க ஓர் ஆள் வேண்டும். அவனிடம் பணியர் பேச்சில் நாலு வார்த்தை விசாரிக்கத் தெரிந்தவராகவும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எந்த ஃபெல்லோஷிப் பயிற்சியும் இதைத் தருவதில்லை.

குறையும் உண்டு. இது குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பு வேலை மட்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்த பழங்குடிப் பெண்ணுக்காக நீங்கள் நிற்க முடியாது. நில உரிமையும் இதில் வராது.

சீனியர் ஆபீஸ் பற்றி நீட்ட வேண்டாம். செக் மோசடி, விபத்து இழப்பீடு, விவாகரத்து, வாய்தா. குறுக்கு விசாரணை கற்க இதைவிட நல்ல இடமில்லை. பணம்தான் தகராறு. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது ஜூனியருக்குத் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மலையில் அதைக் கேட்டு வாங்கத் தனித் தைரியம் வேண்டும்!

மூன்றிலும் சரியாகப் பொருந்தாத வேலை ஒன்று இருக்கிறது; அதுதான் இங்கே அதிகம் தேவைப்படுவது: காட்டு நிலத்தில் வாழ்பவர்கள் உரிமை கேட்டுப் போடும் 2006 வன உரிமைச் சட்ட மனுக்கள். நிலத்தை அனுபவித்து வருவதற்குச் சான்றாக, மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதிக் கொடுக்கலாம். இடுகாடு, கோயில், பழைய கிணறு எல்லாமே சான்றுதான். கிராம சபைத் தீர்மானத்தில் குறையிருந்தால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவுக்கும், அதன் முடிவின் மேல் இன்னொரு 60 நாளுக்குள் மாவட்டக் குழுவுக்கும் போகலாம். நிராகரித்தால் காரணத்தை மனுதாரரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. இதற்கு வக்காலத்துகூட வேண்டியதில்லை, சனி ஞாயிறு போதும். கூடலூரில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம், கோத்தகிரியில் கீஸ்டோன் போன்றவர்கள் பழங்குடி மக்களோடு பல்லாண்டாக வேலை செய்கிறார்கள். அவர்களோடு ஒட்டிக்கொள்வது லாபம்.

உள்ளூர் நீதிமன்ற வேலையும் சனி ஞாயிறு வன உரிமை மனுக்களுமாக இரண்டு வருடம் போனபின் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பித்தால் கதையே வேறு. அமெரிக்காவில் 1988 முதல் நடக்கும் ஸ்கேடன் ஃபெல்லோஷிப்பில், எந்த அமைப்பில் இருந்து என்ன திட்டம் செய்யப் போகிறேன் என்பதை விண்ணப்பிப்பவரே கொண்டுவர வேண்டும். தேர்வானால் இரண்டு ஆண்டுச் சம்பளம். அது அங்குள்ள வேலைக்கானது, நமக்கு நேரடியாகப் பயன்படாது. ஆனால் அந்த முறையைக் கடன் வாங்கலாம். 'மனித உரிமையில் ஆர்வம்' என்று எழுதும் நூறு பேருக்கு நடுவில், 'பந்தலூர் வட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வன உரிமை மனுக்கள்' என்று எழுதுபவரைத்தான் கூப்பிடுவார்கள். நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்: என் பெயரில் வக்காலத்து போடுவீர்களா? மாதம் எத்தனை நாள் நீதிமன்றம் போவேன்? மலைக்குத் திரும்பி வேலை செய்ய அனுமதி உண்டா, பஸ் செலவு யாருடையது?