பொருளுக்குக் கண்ணும் வாயும் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் முகத்தைக் கொடுக்கும் முன்

குழந்தைகளுக்கு நீராவியைப் பற்றிச் சொல்லும் ஒரு சின்னப் பாட வீடியோ. அதில் கெட்டிலே பேச வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தண்ணீர் ஊற்றும் மூக்கு முகத்துக்கும் மூக்காகிவிடும். மேலே இரண்டு கண், கீழே ஒரு வாய் வைத்தால் போதும். கண்ணையும் வாயையும் என் அக்கா தந்தாள், அதாவது அவள் பேசுவதைப் படம் எடுத்தோம். அவற்றைக் கெட்டிலில் பொருத்தித் தருவதாகச் சொன்ன எடிட்டரிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்து ஏமாந்தேன். பணத்தோடு போயிருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

அவர் காட்டிய டெமோ ரீலில் (முன்பு செய்த வேலைகளின் தொகுப்பு) ஷூ பேசியது, தலையணை கொட்டாவி விட்டது. அவ்வளவு நன்றாக இருந்தது. அதில் இரண்டு காட்சிகள் வேறொருவருடையவை என்பது பிறகுதான் தெரிந்தது. முகத்தை எப்படிப் படம் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். “எப்படி எடுத்தாலும் அனுப்புங்க, எடிட்ல பாத்துக்கலாம்” என்றார். நான் உஷாராகியிருக்க வேண்டிய இடம் அதுதான்.

மூன்று வாரம் கழித்து வீடியோ வந்தது. கண்ணும் வாயும் கெட்டிலின் மேல் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. உதட்டைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் தோல் நிறத்தில் மங்கலான வளையம். கெட்டிலோ உருண்டை, வாயோ தட்டை. கெட்டிலுக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர, அக்காவின் முகத்திலோ அதே இடப்பக்கம் நிழல் விழுந்திருந்தது. கேமரா கொஞ்சம் கிட்டே போனதும் வாய் மட்டும் வழுக்கிக்கொண்டு ஓரமாகப் போனது. கேட்டதற்கு, “ரெண்டர்ல (இறுதி வீடியோவாக மாற்றும்போது) அப்படித்தான் வரும்” என்றார். எடிட் செய்த புராஜெக்ட் ஃபைலை, அதாவது திறந்து திருத்தக்கூடிய மூலக் கோப்பைக் கேட்டேன், பதில் இல்லை.

இதே துறையில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, எங்கெங்கே கோட்டை விட்டிருக்கிறார்கள் என்று உட்கார்ந்து விளக்கினார். முதல் தவறு படம் எடுத்ததிலேயே இருந்தது. அக்கா பேசும்போது தலையை ஆட்டிக்கொண்டே பேசியிருந்தாள். தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு பேச வேண்டும். அதன் பிறகும் மிஞ்சும் அசைவை, மூக்குத்தண்டு போன்ற ஒரு புள்ளியை டிராக் செய்து, அதாவது அது எங்கே நகர்கிறது என்று மென்பொருளைப் பின்தொடர வைத்து, நிலைநிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் கெட்டிலின் அசைவை மட்டும் முகத்துக்குக் கொடுக்க முடியும். இல்லாவிட்டால் இரண்டு ஆட்டமும் சேர்ந்து வாய் மிதக்கும். போனை முகத்துக்கு ரொம்பக் கிட்டே வைத்திருந்தோம், அதில் முகமே உப்பிக் கோணியிருந்தது. போன் தானாக ஃபிரேம் ரேட்டை (வினாடிக்கு எத்தனை படம் என்பதை) மாற்றிக்கொண்டதால், போகப் போக உதடும் குரலும் விலகின. முகத்தையும் கெட்டிலையும் வினாடிக்கு 25 ஃபிரேமில் நிலையாக வைத்து எடுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. வெளிச்சத்தின் திசையை எடிட்டில் மாற்றுவது மட்டும் பெரும்பாடு; கலரை எவ்வளவு மாற்றினாலும் நிழல் விழுந்த கன்னம் மாறாது.

கெட்டில் பளபளப்பானது என்பதையும் அந்த எடிட்டர் யோசிக்கவே இல்லை. பளபளப்பில் தெரியும் பிம்பங்கள் கெட்டிலோடு சேர்ந்து நகராது, அவை தனிப்போக்கில் போகும். டிராக்கர் அந்தப் பிம்பத்தைப் பிடித்துக்கொண்டால் வாய் வழுக்கத்தான் செய்யும். படம் எடுக்கும்போதே கெட்டிலில் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒட்டி, அவற்றை டிராக் செய்து, பிறகு அழித்துவிட வேண்டுமாம். எடிட்டிங் மென்பொருள்களான ஆஃப்டர் எஃபெக்ட்ஸோடு வரும் மோக்காவிலும், டாவின்சி ரிசால்வின் ஃபியூஷனிலும் பிளானர் டிராக்கிங் (ஒரு புள்ளியை அல்ல, ஒரு பரப்பையே பின்தொடர்வது) இருக்கிறது. அதோடு மெஷ் வார்ப் (படத்தை வலைக்கட்டம் போல இழுத்து வளைக்கும் வசதி) போட்டு வாயைக் கெட்டிலின் வளைவுக்கு வளைக்க வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்து நண்பர் செய்து காட்டியதுதான். தோலை நிறம் நீக்கி, கிட்டத்தட்ட வெள்ளையாகும் வரை வெளுக்க வைத்து, மல்டிப்ளையில் (வெள்ளை மறைந்து இருட்டு மட்டும் கீழே பதியும் கலப்பு முறை) வைத்தார். தோல் மறைந்து, இமை மடிப்பும் உதட்டுக் கோடும் மட்டும் உலோகத்தில் பதிந்த மாதிரி நின்றன. ஆனால் கண்ணின் வெள்ளையும் பல்லும் உலோக நிறமாகிவிட்டன. அதனால் அவற்றை மட்டும் தனி மாஸ்கில் வெட்டி, நார்மலில் (எதுவும் கலக்காமல், உள்ளபடியே) மேலே வைத்தார். அவ்வளவுதான், கெட்டில் என்னைப் பார்த்தது. முறையாகச் செய்கிற எவரும் இதற்கெல்லாம் முன்னாலேயே உங்களிடம் கேள்வி கேட்பார்: பொருள் பளபளப்பில்லாத மேட் வகையா, பளபளப்பா? கேமரா நகருமா? வெளிச்சம் எந்தப் பக்கம்? எதையும் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். உங்கள் பொருளிலேயே, உங்கள் முகத்தை வைத்தே, கேமரா நகரும் காட்சியில் மூன்று வினாடி செய்து காட்டச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகப் பணம் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

சரி, இதுவரை மோசமான வேலை. அப்புறம் நடந்தது வேறு. சில மாதங்கள் கழித்து, பேசும் பொருள் வீடியோக்களுக்கான டெம்ப்ளேட்டுகள் (அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் தயார் மாதிரிகள்) விற்கும் இடத்தில் மாதிரி ஒன்றைப் பார்த்தேன். ஒரு அலாரம் கடிகாரம் சிரித்தது. அக்காவின் மேல்வரிசைப் பல் ஒன்றில் நுனி லேசாக உடைந்திருக்கும். சிரித்தால் இடது உதடு மட்டும் முதலில் ஏறும். அவளுக்கு அனுப்பினேன். “டேய், இது என் பல்லுடா” என்றாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவள் எதுவும் பேசவில்லை. அந்த எடிட்டர், நாங்கள் அனுப்பிய மூலக் காட்சியிலிருந்து கண்ணையும் வாயையும் வெட்டி, அவளுடைய முகத்தை யார் வேண்டுமானாலும் வாங்கி எதன் மேலும் ஒட்டிக்கொள்ளும்படி விற்றிருக்கிறார்.

புகார் கொடுத்ததும் அந்த டெம்ப்ளேட்டை நீக்கினார்கள். அதற்கு முன் வாங்கியவர்களிடம் இருப்பது இருக்கத்தான் செய்யும். எழுத்தில் எதுவும் வாங்கி வைக்காதது என் தவறு. முகக் காட்சியைக் கொடுக்கும் முன், அது இந்த ஒரு வீடியோவுக்கு மட்டும்தான், வேலை முடிந்ததும் மூலத்தை அழித்துவிட வேண்டும், டெமோ ரீலில் போடுவதற்கும் சம்மதம் கேட்க வேண்டும் என்று ஒரு மின்னஞ்சலிலாவது ஒப்புதல் வாங்கிவிடுங்கள். முழு முகத்தை அனுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. இலவச எடிட்டரிலேயே கண், வாய்ப் பகுதிகளை மட்டும் வெட்டி, முடிந்தவரை உயர்ந்த தரத்தில் ஏற்றுமதி செய்து அனுப்பலாம். புராஜெக்ட் ஃபைலை ‘கலெக்ட் ஃபைல்ஸ்’ செய்து (அதில் பயன்படுத்திய எல்லாக் கோப்புகளையும் ஒரே இடத்தில் சேர்த்து) தர வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்; மீதிப் பணத்தை அது கைக்கு வந்த பிறகு கொடுத்தால் போதும்.

வீடியோவை நண்பரோடு சேர்ந்து புதிதாக எடுத்து முடித்தேன். அக்கா மறுபடி கேமரா முன்னால் வர ஒப்புக்கொள்ளவில்லை. கெட்டிலில் இப்போது இருப்பது என் வாய். குரல் மட்டும் அவளுடையது.