ஓட்டோடு சில்கோசாவா, உடைத்த பைன் நட்ஸா?

போன மே மாதம் எங்கள் சமையலறை அலமாரியில் இரண்டு டப்பாக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் டிசம்பரில் டெல்லியின் கரி பாவ்லி சந்தையில் வாங்கிய, வறுக்காத பச்சை சில்கோசா, ஓட்டோடு, கடைசிக் கைப்பிடி. இன்னொன்றில் மார்ச்சில் வாங்கிப் பிரித்த பாக்கெட் பைன் நட்ஸ், உடைத்த பருப்பு. டெல்லியில் மே மாதச் சமையலறை எப்படிக் கொதிக்கும் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பாக்கெட் டப்பாவைத் திறந்ததும், பழைய நல்லெண்ணெய்ச் சீசாவின் மூடியை முகர்ந்த மாதிரி ஒரு வாடை. காறிவிட்டது. அப்படியே குப்பைக்குப் போனது. அதற்கும் மூன்று மாதம் முன்னால் வாங்கிய சில்கோசாவை உடைத்துப் பார்த்தேன். பருப்பு கொஞ்சம் சுண்டியிருந்தது, அவ்வளவுதான். இனிப்பு அப்படியே இருந்தது.

எதை வாங்குவது என்று நாலு வருடமாக மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருந்தவள் அன்றைக்கு முடிவு செய்துவிட்டேன். அதனால் நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இரண்டுமே பைன் மரத்து விதைதான், ஆனால் மரம் வேறு. சில்கோசா என்பது இமாசலத்தின் கின்னௌர், சம்பா பக்கத்து பாங்கி பள்ளத்தாக்கு, அப்புறம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் மலைகளில் வளரும் பைன். கின்னௌர்காரர்கள் இதை நியோஜா என்பார்கள். நீளமாக, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, காப்பிக்கொட்டை நிறத்தில் ஓடு. பாக்கெட்டில் உடைத்து வருவது பெரும்பாலும் சீனாவின் வடகிழக்கிலும் ரஷ்யாவின் கிழக்கு ஓரத்திலும் வளரும் கொரியன் பைன். குட்டையாக, தண்ணீர்த் துளி மாதிரி ஒரு பக்கம் கூர்ந்திருக்கும். இத்தாலி, ஸ்பெயின், துருக்கி, லெபனான் நாடுகளில் விளையும் மெலிந்த வெள்ளைப் பருப்பு மூன்றாவது வகை. அதை ஊரிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்து ஒருமுறைதான் சாப்பிட்டிருக்கிறேன். ருசி பிரமாதம். ஆனால் ஒரு கைப்பிடியை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை, அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

(சாரைப்பருப்பு வேறு. சென்னையில் ஒரு கடையில் பைன் நட்ஸ் கேட்டபோது அதைத்தான் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். அல்வாவுக்கு நல்லது. பேசில் இலையை அரைத்துச் செய்யும் இத்தாலியச் சட்னியான பெஸ்டோவுக்கு ஆகாது.)

விலையில் இரண்டும் கசக்கும். ஓட்டோடு வாங்கினால் எடையில் ஒரு பங்கு ஓட்டுக்குப் போய்விடும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். 2018 நவம்பரிலிருந்து ஆப்கானிஸ்தான் சரக்கு காபூலிலிருந்து நேராக விமானத்தில் சீனாவுக்குப் போகத் தொடங்கியது. மலிவாகக் கிடைக்கும் காலம் வரும் என்று நான் காத்திருப்பதை நிறுத்திவிட்டேன். கால் கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் வாங்கத் துணிந்ததுமில்லை. ருசியில் பாக்கெட் பருப்பு வெண்ணெய் மாதிரி, மெதுவாக இருக்கும். சில்கோசாவில் இனிப்பும், பின்னால் லேசாக ஒரு பைன் பிசின் வாசனையும் உண்டு. எனக்கு அந்த வாசனை பிடிக்கும். பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் காறல்தான்.

நூறு கிராம் பாக்கெட் பைன் நட்ஸில் சுமார் 68 கிராம் கொழுப்பு. முந்திரியில் 44தான். அளவைவிட முக்கியம் அது எந்த வகைக் கொழுப்பு என்பது. முந்திரியில் இருப்பதில் பாதிக்கு மேல் ஆலிவ் எண்ணெயில் இருக்கிற மாதிரிக் கொழுப்பு, காற்றோடு அவ்வளவு சீக்கிரம் சண்டைக்குப் போகாது. பைன் நட்ஸில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி, சூரியகாந்தி எண்ணெயில் இருப்பதைப் போன்ற, ஆக்ஸிஜன் பட்டதும் சிதையத் தொடங்கும் ரகம். சூடும் வெளிச்சமும் அதை இன்னும் விரட்டும். மரத்தில் இருக்கும்வரை விதைக்கு ஓடுதான் கவசம். ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்த நாளிலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. எங்கேயோ உடைத்து, கப்பலில் வந்து, கிடங்கில் கிடந்து, பிறகு கடை அலமாரியில் விளக்கு வெளிச்சத்தில் நின்ற பருப்புக்கு நம் வீட்டுக்கு வரும்போதே பாதி ஆயுள் முடிந்திருக்கும். அலமாரியில் வைத்த என்னைத்தான் சொல்ல வேண்டும், சரி. ஆனால் புதிதாகப் பிரித்த பாக்கெட்டிலேயே லேசான சிக்கு வாடை அடித்ததும் எனக்கு நடந்திருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனால், இது இப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

பாக்கெட் வாங்கியே தீருவேன் என்றால் ஒரே வழி ஃப்ரீசர். காற்றுப் போகாத டப்பாவில் போட்டு வைத்தால் ஆறு மாதம் தாங்கும். வெறும் ஃப்ரிட்ஜ் என்றால் இரண்டு மாதத்துக்குமேல் நம்பாதீர்கள். வேண்டியதை மட்டும் எடுத்து, உறைந்தபடியே வாணலியில் போடலாம், இளக விட வேண்டியதில்லை. வறுத்து வைத்தால் கெடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. நேர்மாறு. வறுத்த பருப்பு பச்சையைவிடச் சீக்கிரம் காறும். ஆகவே சமைக்கிற அன்றைக்கு, சமைக்கிற அளவு மட்டும்.

ஓட்டோடு வாங்குவதிலும் இதே கதைதான் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. கடைகளில் குளிர்காலத்தில் குவித்து வைத்திருப்பது பெரும்பாலும் ஓட்டோடு வறுத்தது. உடைக்கச் சுலபம், கொறிக்கச் சுகம். ஆனால் அடுத்த மாதம் வரை வைக்க ஆகாது. வீட்டில் வைத்துச் சமைக்கப் பச்சை வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். வாங்கும்முன் ஒன்றை உடைத்து மென்று பாருங்கள். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கடகடவென்று ஆடினால் காய்ந்துபோன பழைய சரக்கு. புதிது ஓட்டை ஒட்டி நிறைந்திருக்கும், சத்தமே வராது.

வறுப்பதற்கு வருவோம். அடிகனமான வாணலி, சிறு தீ, எண்ணெய் வேண்டாம். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அப்போதுதான் நம்மில் பலர் தீயைக் கூட்டிவிட்டுக் கைபேசியை எடுக்கிறோம். பருப்பின் மேல் எண்ணெய் மினுமினுக்கத் தொடங்கியதும் கண்ணை எடுக்கக் கூடாது. அங்கிருந்து பொன்னிறத்துக்கு ஒரு நிமிடம், பொன்னிறத்திலிருந்து கருகலுக்கு அரை நிமிடம்கூட இல்லை. நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே எவர்சில்வர் தட்டில் கொட்டிவிட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியிலேயே விட்டால் அந்தச் சூடே மிச்சத்தைக் கரித்துவிடும். பாக்கெட் பருப்பின் கூர்முனைதான் முதலில் கருகும், தடித்த பக்கம் அப்போதும் வெள்ளையாக இருக்கும். சில்கோசா நீள உருளை. வாணலியை ஆட்டினால் உருண்டு உருண்டு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சிவக்கும், ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அதன்மேல் கூடுதல் பிரியம்.

ஓவனில் 160 டிகிரியில் ஆறு ஏழு நிமிடம் வைத்தால் இன்னும் சீராக வரும், ஆனால் ஒரு கைப்பிடிக்கு ஓவனைச் சூடாக்குவது எனக்கு மனம் வராது. மைக்ரோவேவில் ஒரே ஒருமுறை செய்தேன். திட்டுத்திட்டாக வந்தது, விட்டுவிட்டேன். நெய்யில் வறுப்பதென்றால் முந்திரிக்குக் காய வைக்கிற அளவு நெய்யைக் காய வைக்காதீர்கள். உருகி வெதுவெதுப்பாக இருக்கும்போதே போட்டு, லேசாக நிறம் மாறியதும் நெய்யோடு சோற்றின்மேல் கொட்டிவிடலாம். லெபனான் பக்கம் சோற்றுக்கும் கறிக்கும் மேலே தூவுவது இப்படித்தான்.

பெஸ்டோவுக்கு வறுக்கவே வேண்டாம். பெஸ்டோவின் சொந்த ஊரான இத்தாலியின் ஜெனோவாவில் பச்சையாகத்தான் போடுகிறார்கள். பளிங்கு உரலில் பூண்டு, கல்லுப்பு, பேசில் இலை, இந்தப் பருப்பு, இரண்டு வகை சீஸ், ஆலிவ் எண்ணெய். பருப்பின் வேலை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து வழுவழுப்பாக்குவது. வறுத்துப் போட்டால் வறுத்த மணம் வந்து இலையின் மணத்தை அமுக்கிவிடும். பச்சையாகப் போடுவதால் காறல் இருந்தால் மறைக்க வழியே இல்லை. வறுக்கும்போது கொஞ்சம் ஒளிந்துகொள்ளும், பெஸ்டோவில் முதல் வாயிலேயே பல்லிளிக்கும். நான் சில்கோசாவில் செய்த பெஸ்டோவில் அந்தப் பிசின் வாசனை ஒரு துளி தெரிந்தது. ஜெனோவாக்காரர் ஒப்புக்கொள்வாரா தெரியாது, எங்கள் வீட்டில் தட்டு காலி.

இனி சில்கோசாவின் குறை. உடைக்க வேண்டும். ஒரு கைப்பிடிப் பருப்புக்குக் கால் மணி நேரம், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. முதல் வருடம் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தாள்.

“ஏண்டி, இருக்கிற பல்லையும் உடைச்சுக்கப் போறியா? என் பாக்குவெட்டியை எடு.”

வெற்றிலை போடுகிறவள், பாக்குவெட்டி இல்லாமல் எங்கும் வர மாட்டாள். வெட்டக் கூடாது. ஓட்டின் நடுவில் வைத்து டிக் என்று சத்தம் வரும்வரை மெல்ல அழுத்தி, சுற்றித் திருப்பி இன்னொரு அழுத்து. ஓடு இரண்டாகக் கழன்று பருப்பு முழுசாக வந்துவிடும். பச்சை ஓடு கொஞ்சம் வளையும், பிடிவாதம் பிடிக்கும். அப்போது ஓட்டோடு கல்லுப்பில் போட்டு, வேர்க்கடலை வறுக்கிற மாதிரி ஒரு புரட்டு புரட்டினால் வழிக்கு வரும், ஆனால் பெஸ்டோவுக்கு அது உதவாது. விருந்தாளி பத்துப் பேர் வருகிற அன்றைக்கு நானும் பாக்கெட்தான் வாங்குவேன், அதை ஒளிக்க முடியாது.

பாக்கெட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. இரண்டு வருடம் முன்னால் ஒரு பாக்கெட்டைத் தின்ற அடுத்த நாளிலிருந்து நாக்கில் உலோகக் கசப்பு. காப்பி கசப்பு, ரசம் கசப்பு, தண்ணீர்கூடக் கசப்பு. ஈரல் கெட்டுவிட்டதோ என்று பயந்துவிட்டேன். சீன வெள்ளைப் பைன் என்ற ஒரு வகையின் விதை கலந்த பருப்பைத் தின்றால் சிலருக்கு இப்படி வரும். தின்ற அன்றைக்கே தெரியாது, பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தொடங்கும். சிலருக்கு இரண்டு வாரம் வரைகூட நீடிக்கும். ஆபத்தில்லை, மருந்துமில்லை, தானாகப் போகும். பாக்கெட்டின்மேல் எந்த மரத்து விதை என்று எழுதியிருப்பதை நான் பார்த்ததே இல்லை. சில்கோசாவை ஓட்டோடு பார்த்து வாங்கும்போது ஆள் மாறாட்டத்துக்கு இடமில்லை.

முந்திரியை ஏன் சேர்க்கவில்லை என்று அம்மா கேட்டாள். சேர்க்கலாம்தான். இத்தாலியில் கண்ணாடிச் சீசாவில் விற்கும் பெஸ்டோ பலவற்றிலேயே முந்திரிதான் இருக்கிறது. நாலில் ஒரு பங்குச் செலவில் முக்கால்வாசி ருசி. தினப்படிச் சமையலுக்கு அதுவே போதும்.

கின்னௌரில் ஒரு உறுத்தல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர், அக்டோபரில் கூம்புகள் விரிவதற்கு முன்பே மரமேறிப் பறித்துவிடுகிறார்கள். காய வைத்து, விரிந்ததும் விதையைத் தட்டி எடுப்பார்கள். கிளையோடு ஒடித்துப் பறிப்பதும் உண்டு. விதை முழுக்கச் சந்தைக்கு வந்துவிட்டால் காட்டில் புதுக் கன்று எங்கிருந்து முளைக்கும்? இந்த மரம் ஏற்கெனவே அழியும் ஆபத்தை நெருங்கிக்கொண்டிருப்பவற்றின் பட்டியலில் இருக்கிறது. கால் கிலோவோடு நான் நிறுத்திக்கொள்வதற்கு விலை மட்டும் காரணமில்லை.

போன தடவை அம்மா ஊருக்குக் கிளம்பும்போது நூறு கிராம் ஓட்டோடு கட்டிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, பொங்கலில் போட்டாயா என்று கேட்டேன். “பொங்கலுக்கு முந்திரிதான். இது சாப்பாட்டுக்கு அப்புறம் வாசல்ல உக்காந்து ஒண்ணொண்ணா உடைச்சுத் திங்கறதுக்கு” என்றாள். கெட்டுப்போகவில்லையாம். பாக்குவெட்டியும் அவளோடு போய்விட்டதால், நான் இங்கே இடுக்கியால் நசுக்கிக்கொண்டிருக்கிறேன், மூன்றுக்கு ஒன்று தூளாகிறது.