ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டுக்கு 850 வாட் பவர் சப்ளை போதுமா, 1000 போடணுமா? ரொம்ப நாள் ஓட்டிப் பார்த்துட்டு சொல்றேன்

ஹை எண்ட் பிசி கட்டுறவங்க ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாத்தையும் டக்குனு முடிவு பண்ணிடுவாங்க, கடைசில எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு கரண்ட் குடுக்குற பவர் சப்ளை) கிட்ட வந்து முழிச்சிட்டு நிப்பாங்க. ஒருத்தர் 850 தாராளம்பார், இன்னொருத்தர் 1200க்கு கீழ போனா கார்டே போயிடும்னு பயமுறுத்துவார். என்கிட்ட இருக்குறது ரைசன் 7 7800எக்ஸ்3டி ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 4090, அதுக்கு 1000 வாட் கோல்டு (எஃபிஷியன்சி சர்டிஃபிகேட்), ஏடிஎக்ஸ் 3.0 (புது டிசைன், கீழ சொல்றேன்) சப்ளை. வாங்குன வாரத்துல எழுதுற ரிவ்யூ இல்ல இது, அடுத்த தலைமுறை கார்டே வந்தாச்சு, அதுவரைக்கும் ஓட்டிட்டுதான் எழுதுறேன்.

முதல்ல கணக்கு. 4090-க்கு என்விடியா சொல்ற பவர் 450 வாட், சப்ளைக்கு அவங்க பரிந்துரை 850. 7800எக்ஸ்3டிக்கு பெட்டில 120 வாட்னு போட்டிருக்கும், ஏஎம்டி வச்சிருக்குற உச்ச வரம்பு 162, ஆனா கேம்ல அது 60லிருந்து 80க்குள்ளதான் இழுக்கும், நான் பார்த்தவரை அதுக்கு மேல போனதே அபூர்வம். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன், பம்ப் எல்லாம் சேர்த்து ஒரு 50, 60 வச்சுக்கங்க. ஆக கார்டு முழு மூச்சுல ஓடினாலும் 600 தாண்டாது. ப்ளக்ல வாட் மீட்டர் மாட்டி விட்டிருக்கேன், 4கே-ல ரே ட்ரேசிங் போட்டு ஆடும்போது 550லிருந்து 600 வரைக்கும் காட்டும், அது சுவத்துல இருந்து இழுக்குறது, எஃபிஷியன்சி நஷ்டத்தை (சப்ளை சூடா வீணாக்குறதை) கழிச்சா உள்ள போறது அதைவிட 50 வாட்டாவது கம்மி. நிறைய பேர் இந்த இடத்துல குழம்புறாங்க, மீட்டர்ல 870 காட்டுச்சு, என் சப்ளை 850தானே, ஓவர்லோடு ஆகுதான்னு கேக்குறாங்க, இல்லங்க, 850ன்னு போட்டிருக்குறது அது வெளிய குடுக்குற பவர், மீட்டர் காட்டுறது அது உள்ள வாங்குறது.

சரி, அப்போ 750 வாட்டே போதுமே, எதுக்கு 1000ன்னு கேப்பீங்க. கணக்குப்படி போதும்தான், ஆனா சிக்கல் சராசரில இல்ல, ஸ்பைக்ல, அதாவது கண நேரத்துக்கு பவர் திடீர்னு எகிறுறதுல இருக்கு. இதுக்கு முன்னாடி ஒரு 3090 வச்சிருந்தேன், 350 வாட் கார்டு, அதுக்கு என்விடியா கேட்டதும் 750தான், நான் மாட்டியிருந்ததும் 750 வாட் கோல்டுதான், பேர் வேணாம், நல்ல பிராண்டுதான், பழைய ஏடிஎக்ஸ் டிசைன். மீட்டர்ல 500 சொச்சம்தான் காட்டும். ஆனா கேம் லோடிங் முடிஞ்சு சீன் வர்ற அந்த நேரத்துல, இல்லன்னா ஃபிரேம் லிமிட் இல்லாத மெனு ஸ்கிரீன்ல, பொட்டுனு மொத்த மிஷினும் அணைஞ்சுடும். ப்ளூ ஸ்கிரீன் கிடையாது, எரர் மெசேஜ் கிடையாது. விண்டோஸ் ஈவண்ட் வியூவர்ல போய் பார்த்தா கெர்னல் பவர் 41ன்னு ஒரே ஒரு வரி, அதுவும் திடீர்னு பவர் போச்சுன்னு மட்டும்தான் சொல்லும், ஏன் போச்சுன்னு சொல்லாது. மணிக்கணக்கா ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டினா ஒண்ணும் ஆகாது, அதான் எரிச்சலே, ஏன்னா ஸ்ட்ரெஸ் டெஸ்ட்ல லோடு சீரா இருக்கும், கேம்லதான் ஏறி இறங்கும். அந்த ஏறுற வேகத்துல கார்டு மில்லி செகண்டுக்கும் கம்மியான நேரத்துக்கு அதோட ரேட்டிங்கைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இழுக்கும், வாட் மீட்டருக்கு அது கண்ணுலயே படாது, ஆனா சப்ளைக்குள்ள கரண்ட் அளவுக்கு மீறினா அணைச்சு விடுற ஓவர் கரண்ட் ப்ரொடெக்‌ஷனுக்கு படும், அது ட்ரிப் ஆகிடும். சப்ளை பழுதுன்னு சொல்ல முடியாது, அது வேலையைத்தான் அது செஞ்சிருக்கு.

2022ல இன்டெல் கொண்டு வந்த ஏடிஎக்ஸ் 3.0 இதுக்காகத்தான். புது 16 பின் கனெக்டரோட வர்ற சப்ளை, 100 மைக்ரோ செகண்டுக்கு அதோட ரேட்டிங்கைவிட ரெண்டு மடங்கு லோடு வந்தாலும் அணையாம தாங்கணும். அதாவது 850 வாட் ஏடிஎக்ஸ் 3.0 சப்ளை அந்த கண நேரத்துக்கு 1700 வரை தாங்கும். அதனால என் கருத்து என்னன்னா பழைய டிசைன் 1200ஐ விட புது டிசைன் 850 இந்த விஷயத்துல நம்பகமானது, பெட்டில இருக்குற பெரிய நம்பரை பார்த்து மட்டும் வாங்காதீங்க. இப்போ இருக்குற சப்ளைல ஒரு தடவை கூட அந்த மாதிரி அணையல.

அப்புறம் ஏன் நான் 850 வாங்கல? சத்தம்தான். 1000 வாட்ல 530 இழுத்தா பாதி லோடு, ஃபேன் மெதுவா சுத்தும், என்னோடதுல பிரவுசிங், படம் பாக்குற நேரம் எல்லாம் சுத்தவே சுத்தாது. ராத்திரி ஹெட்போன் இல்லாம ஆடுறவங்களுக்கு இது பெரிய விஷயம், ஹெட்போன் போட்டே ஆடுறவங்க 850 வாங்கிட்டு மிச்ச காசை எஸ்எஸ்டில போடுங்க. கரண்ட் பில் கம்மியாகும்னு பெருசு வாங்காதீங்க, அதுல உண்மை இல்ல, கோல்டு சர்டிஃபிகேட்டுக்கு 115 வோல்ட் டெஸ்ட்ல பாதி லோடுல 90 சதவீதம், முழு லோடுல 87 இருந்தா போதும், அவ்ளோதான் வித்தியாசம், சும்மா வச்சிருக்கும்போது பெரிய சப்ளை இன்னும் கொஞ்சம் வீணாக்கவும் செய்யும்.

கேபிள் பத்தி ஒரு விஷயம். 2022 கடைசில 4090 கனெக்டர் உருகுன படங்கள் வந்தப்போ நானும் தினமும் டார்ச் அடிச்சு பாத்துட்டு இருந்தேன். முழுசா உள்ள போகாம அரைகுறையா நிக்கிறது அதுக்கு ஒரு முக்கிய காரணம், அதுக்கப்புறம் வந்த 12வி-2x6 கனெக்டர்ல சென்ஸ் பின்னை (கனெக்டர் மாட்டியிருக்கான்னு கார்டுக்கு சொல்ற சின்ன பின்) குட்டையாக்கிட்டாங்க, சரியா மாட்டலன்னா கார்டு பவரே எடுக்காது. நான் பண்றது என்னன்னா மாட்டும்போது நடுவுல இடைவெளி கோடு தெரியாத அளவுக்கு அழுத்திட்டு, கனெக்டர் பக்கத்துலயே வயரை மடக்காம ஒரு ரெண்டு விரல் நீளம் நேரா விட்டுடுவேன், கேபினெட் கண்ணாடி கதவு வயரை தள்ளாம இருக்கான்னும் பாத்துக்குவேன். அதோட கார்டு பவர் லிமிட்டை 80 சதவீதத்துல வச்சிருக்கேன், 360 வாட், ஃபிரேம் குறைஞ்சது ஆடும்போது எனக்கு தெரியவே இல்ல, சூடு குறைஞ்சது நல்லாவே தெரிஞ்சுது. (ஆமா, 450 வாட் கார்டு வாங்கிட்டு 360ல ஓட்டுறேன், சிரிச்சுக்கங்க.)

5090 வாங்குறவங்க கேக்குறாங்க. அது 575 வாட், என்விடியா பரிந்துரை 1000. கூட என்னோடது மாதிரி எக்ஸ்3டி ப்ராசஸர்னா 1000 போதும், கோர் ஐ9 14900கே மாதிரி 253 வாட் இழுக்குற ப்ராசஸர்னா ரெண்டும் சேர்ந்து உச்சத்துல போகும்போது 900 தொடும், அங்க 1200 போடுறதுல அர்த்தம் இருக்கு. 5080க்கு 1200 போடுறதுல ஒரு அர்த்தமும் இல்ல, அது 360 வாட் கார்டு. யூபிஎஸ் வச்சிருக்குறவங்க அதுல எழுதியிருக்குற விஏ நம்பரை பாக்காம வாட் நம்பரை பாருங்க, வாட் பெரும்பாலும் கம்மியாதான் இருக்கும்.

சப்ளை மாத்தும்போது பழைய மாடுலர் கேபிளை அப்படியே விட்டுட்டு புது சப்ளையை மட்டும் சொருகலாம்னு மட்டும் நினைக்காதீங்க, கார்டு பக்கம் எல்லாம் ஒரே மாதிரிதான், சப்ளை பக்கம் பின் வரிசை கம்பெனிக்கு கம்பெனி, சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும், 12 வோல்ட் தப்பான பின்ல போனா ஹார்டு டிஸ்க்ல இருந்து போர்டு வரை எது வேணாலும் போயிடும். புதுசோட வர்ற கேபிளையே முழுசா இழுத்துடுங்க, ஒரு மணி நேர வேலைதான்.